ஆளுக்குக் குறைவில்லை, சேக்காளிதான் இல்லை

பதினொன்றாம் வகுப்பு அரையாண்டு லீவு முடிந்து பள்ளிக்கூடம் போனால் எனக்குப் பக்கத்து இடம், என் சேக்காளியின், அதாவது சிநேகிதியின் இடம், காலியாக இருந்தது. ஒரு வாரம் டீச்சர் அவள் பேரைக் கூப்பிட்டுப் பார்த்தார், அப்புறம் கூப்பிடுவதை விட்டுவிட்டார். தை மாதம், மண்டபம் ஊரில் இருக்கும் அத்தை மகனுக்குக் கட்டிக்கொடுத்துவிட்டார்கள் என்று பிறகுதான் தெரிந்தது. அவளுக்கு அப்போது பதினாறு முடிந்து சில மாதம்தான். மறுவருடம் நான் பன்னிரண்டாம் வகுப்புப் பரீட்சைக்குப் படித்துக்கொண்டிருந்தபோது அவள் கையில் பிள்ளை. எங்கள் ஊர் பாம்பன், அவள் போன ஊர் மண்டபம், நடுவில் ஒரே ஒரு பாலம், பஸ்ஸில் ஏறினால் கொஞ்ச நேரம்தான். அந்தப் பாலத்தைத் தாண்டி அவளைப் பார்க்கப் போக எனக்கு ஒன்றரை வருடம் ஆனது.

ஏன் போகவில்லை என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். "கல்யாணமான பிள்ளைகூட உனக்கு என்னடி பேச்சு" என்றார் அம்மா. அதற்குள் இரண்டு பயம் இருந்தது. அவளோடு பழகினால் நமக்கும் வரன் பேச ஆள் வந்துவிடும் என்று ஒன்று, கேசு கீசு என்று வந்தால் உன்னையும் கூப்பிட்டு விசாரிப்பார்கள் என்று இன்னொன்று. அதெல்லாம் அம்மாவின் பயம். என்னுடையது வேறு. போய் என்ன பேசுவது என்று எனக்குத் தெரியவில்லை. அவள் வேறு ஆளாக மாறியிருப்பாள், சேலை கட்டி, இடுப்பில் பிள்ளையோடு, நம்மைச் சின்னப்பிள்ளை மாதிரி பார்ப்பாள் என்று நானாக நினைத்துக்கொண்டேன். அவளோ, நாம் படிப்பை விட்டவள், இனி இவள் எங்கே நம்மைத் தேடப் போகிறாள் என்று அங்கே உட்கார்ந்து நினைத்துக்கொண்டிருந்திருக்கிறாள். சின்ன வயதில் தாயான பிள்ளைகளின் சேக்காளிகள் சண்டை போட்டுப் பிரிவது இல்லை, இப்படி இரண்டு பக்கமும் காத்துக்கொண்டிருந்தே விட்டுப்போகிறார்கள்.

இது என் வகுப்பில் மட்டும் நடந்தது இல்லை. 2019–21-ல் எடுத்த தேசிய குடும்பநலக் கணக்கெடுப்பில், தமிழ்நாட்டில் 15 முதல் 19 வயதுக்குள் இருக்கும் பெண்களில் 6.3 சதவீதம் பேர் அப்போதே தாயாகியிருந்தார்கள் அல்லது கர்ப்பமாக இருந்தார்கள். 48 பேர் இருக்கும் வகுப்பென்றால் மூன்று பேர் என்று கணக்கு வைத்துக்கொள்ளுங்கள். அதற்கு முந்தைய கணக்கெடுப்பில், 2015–16-ல், இது 5 சதவீதமாக இருந்தது. இத்தனைக்கும் அதே இடைவெளியில், 20 முதல் 24 வயதுப் பெண்களில் பதினெட்டுக்கு முன் கல்யாணம் ஆனவர்களின் பங்கு 16.3-லிருந்து 12.8 சதவீதமாகக் குறைந்திருக்கிறது. அந்த 6.3 சதவீதம் மாநிலம் முழுவதற்குமான கணக்கு, பதினெட்டு, பத்தொன்பது வயதுக்காரர்களும் இதில் சேர்த்தி. ஆனாலும் இந்த மூன்று பேர் எங்கே போகிறார்கள், யாரோடு பேசுகிறார்கள் என்று எந்த அட்டவணையிலும் இருக்காது.

வெளியிலிருந்து பார்ப்பவர்களுக்கு அவள் தனியாக இருப்பதாகவே தோன்றாது. எங்கள் கடற்கரையில் பிள்ளை பெற்ற வீட்டில் ஆள் இல்லாமல் இருந்ததுண்டா. அம்மா, அத்தை, மதினி, அப்பத்தா, அடுத்த வீட்டுச் சின்னம்மா என்று பகல் முழுக்க யாராவது வந்து போவார்கள். பச்ச உடம்புக்காரி என்று பத்தியச் சோறு வரும், பாலூற வேண்டும் என்று பால்சுறாவை அவித்து உதிர்த்துப் பூண்டு நிறையப் போட்டுப் புட்டு வரும், காரல் மீன் குழம்பு வரும், பேறுகால மருந்து உருண்டை வரும். பிள்ளையைக் குளிப்பாட்ட ஓர் ஆள், வேது கொடுக்க ஓர் ஆள். இதையெல்லாம் நான் குறைத்துச் சொல்லவில்லை. பெரிய ஊரில் தனிக்குடித்தனத்தில் பெறுகிறவளுக்கு இதில் பாதி கிடைக்காது. ஆனால் வருகிறவர்கள் அத்தனை பேரும் அவளைவிடப் பெரியவர்கள், வருவதும் பிள்ளைக்காக. பால் குடிச்சுச்சா, வெளிக்குப் போச்சா, ஏன் மூக்கு அடைச்சிருக்கு, தலைக்கு ஊத்துனியா. கேள்வி எல்லாம் பிள்ளையைப் பற்றி, தப்பு எல்லாம் அவளுடையது.

அவள் நிற்கிற இடம் அப்படி. பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளுக்கு அவள் பொம்பளை ஆகிவிட்டாள், பொம்பளைகளுக்கு அவள் இன்னும் சின்னப்புள்ள. அதே வாரத்தில் பிள்ளை பெற்ற அடுத்த தெருக்காரிக்கு இருபத்தாறு வயது இருக்கும், இவளை "ஏ புள்ள" என்று கூப்பிட்டு வேலை சொல்வாளே தவிர, பக்கத்தில் உட்கார்ந்து மனசுவிட்டுப் பேசமாட்டாள். நாத்தனாருக்கு இவள் வயசுதான் இருக்கும், ஆனால் அந்த உறவில் சேக்காளியாக இருப்பதற்கு இரண்டு பேருக்கும் தனிச் சாமர்த்தியம் வேண்டும். கீழக்கரைப் பக்கம் பெண்ணுக்கு வீடு கொடுத்துத் தாய்வீட்டு ஓரத்திலேயே வைத்துக்கொள்ளும் வழக்கம் உண்டு, மாப்பிள்ளைதான் அங்கே வந்து போவார். அப்படி இருக்கிற பிள்ளைக்குத் தெரிந்த தெரு, தெரிந்த ராத்தாமார், அதாவது அக்காமார் என்று ஏதாவது மிச்சம் இருக்கிறது. கட்டிக்கொண்டு வேற்றூர் போகிறவளுக்கு ஊர், தெரு, பள்ளிக்கூடம், வயசு நான்கும் ஒரே மாதத்தில் போய்விடும்.

புருஷன் இருக்கிறானே என்று கேட்பார்கள். அவனுக்கும் இருபது, இருபத்திரண்டுதான் இருக்கும் பல நேரம். ராமேஸ்வரம் பக்கம் விசைப்படகில் போகிறவன் என்றால் வாரத்தில் மூன்று ராத்திரி கடலில். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை தடைக்காலம் 61 நாள் கரையில் இருப்பான், அந்த நாளில் கையில் காசு இருக்காது, வட்டிக்குக் கடன் வாங்கிய வீட்டில் சின்ன விஷயமும் சண்டையில் போய் நிற்கும். இலங்கைக் கடற்படை படகோடு பிடித்துக்கொண்டு போய்விட்டால் வழக்கு, சிறை என்று எப்போது வருவான் என்றே தெரியாது. கீழக்கரை, பெரியபட்டினம் பக்கம் என்றால் வளைகுடா நாட்டு வேலை. போனில் பேசலாமே என்றால், அந்த வீட்டில் போன் யார் கையில் இருக்கிறது என்று பாருங்கள். என் சேக்காளிக்குச் சொந்தப் போன் வந்தது மகனுக்கு மூன்று வயதான பிறகு.

இதற்கெல்லாம் மேலே ஒன்று இருக்கிறது, அதைப் பற்றி யாரும் வெளிப்படையாகப் பேசுவதில்லை. அதுதான் கேஸ் பயம்.

2006-ல் வந்த குழந்தைத் திருமணத் தடைச் சட்டப்படி பெண்ணுக்கு 18, ஆணுக்கு 21 ஆக வேண்டும். 2012 முதல் குழந்தைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து காக்கும் போக்சோ சட்டம் இருக்கிறது, அதில் 18-க்குக் கீழே எல்லாரும் குழந்தைதான். கல்யாணம் ஆகிவிட்டதே என்ற சாக்குக்கு இடமில்லை, 15 முதல் 18 வயது மனைவி விஷயத்தில் பாலியல் வன்கொடுமைச் சட்டத்தில் கணவனுக்கு இருந்த விதிவிலக்கையும் உச்ச நீதிமன்றம் 2017 அக்டோபரில் எடுத்துவிட்டது. ஆக, பதினேழு வயதுப் பிள்ளை வயிற்றோடு ஆஸ்பத்திரிக்கு வந்தால் டாக்டர் போலீசுக்குச் சொல்லியே ஆக வேண்டும். சொல்லாவிட்டால் அவர்மேலேயே குற்றம். இந்தச் சட்டம் வேண்டாம் என்று நான் சொல்லமாட்டேன், இது இல்லாத காலத்தில் எத்தனை பிள்ளைகளின் வாயை அடைத்து வைத்தார்கள் என்று எங்கள் ஊர்க் கிழவிகளைக் கேட்டால் தெரியும். ஆனால் வீட்டில் பெரியவர்களுக்கு இது வந்து சேர்கிற விதம் வேறு. "ஆஸ்பத்திரிக்குப் போனா மாப்பிள்ளையைப் பிடிச்சிட்டுப் போயிருவாங்க" என்ற ஒற்றை வரிதான் வந்து சேர்கிறது. உடனே வயதைக் கூட்டிச் சொல்வது, நர்சம்மா வரும்போது பெண்ணை உள்ளே அனுப்புவது, ஏழாம் மாதம்வரை எங்கேயும் பதியாமல் வைத்திருப்பது, வீட்டிலேயே பார்த்துக்கொள்ளலாம் என்று துணிவது.

அந்த வயதில்தான் இதைச் செய்யவே கூடாது. இருபதைத் தாண்டிய பெண்ணைவிடப் பதின்வயதுப் பெண்ணுக்குப் பேறுகால ஜன்னி, அதாவது வலிப்பு, வரும் ஆபத்து அதிகம், பிரசவத்துக்குப் பின் கிருமித் தொற்று அதிகம், பிள்ளை மாதம் நிறையாமலோ எடை குறைந்தோ பிறப்பதும் அதிகம். அவள் உடம்பே இன்னும் வளர்ந்து முடியவில்லை, ரத்தச்சோகை வேறு. ரத்த அழுத்தம் பார்த்து, ரத்தம் பார்த்து, இரும்புச்சத்து மாத்திரை கொடுக்க ஒருவர் வேண்டும். கேஸ் வேறு, வைத்தியம் வேறு. கேஸ் இருக்கிறது என்று எந்த அரசு ஆஸ்பத்திரியும் பிரசவம் பார்க்கமாட்டேன் என்று திருப்பி அனுப்ப முடியாது.

சேக்காளி விஷயத்துக்கும் இதற்கும் என்ன சம்பந்தம் என்றால், இந்தப் பயம் வந்த வீட்டில் தெரிந்தவர்கள் எல்லாரும் சாட்சி ஆகிவிடுகிறார்கள். கூடப் படித்தவளுக்கு வயசு தெரியும், டீச்சருக்குப் பிறந்த தேதி தெரியும், பழைய தெருக்காரர்களுக்கு எல்லாம் தெரியும். அதனால் யாரை நெருங்க விடக்கூடாதோ அந்தப் பட்டியலில் முதலில் வருவது அவளை நன்றாகத் தெரிந்தவர்கள்தான். நான் முதல்முறை போனபோது அவள் மாமியார் என்னை வாசலில் நிறுத்தி, "யாரு அனுப்புனது?" என்று கேட்டார். அன்றைக்குக் கோபம் வந்தது. அந்தக் கேள்வியில் எவ்வளவு பயம் இருந்தது என்று இப்போது தெரிகிறது.

சட்டத்தில் அவளுக்கு என்று இருப்பது எதையும் அந்த வீட்டுக்கு யாரும் சொல்லியிருக்கமாட்டார்கள். அந்தக் கல்யாணம் வேண்டாம் என்றால் அவள் பதினெட்டு முடிந்து இரண்டு வருடத்துக்குள் கோர்ட்டில் ரத்து கேட்கலாம். ரத்தானாலும் அவளுக்கு ஜீவனாம்சம் உண்டு, பிள்ளை சட்டப்படியான பிள்ளைதான், இது மூன்றும் அதே 2006 சட்டத்தில் எழுதியிருக்கிறது. போக்சோ வழக்கு என்றால் விசாரணை முடியும்வரை கூடவே இருக்க ஓர் ஆதரவு நபரைக் குழந்தைகள் நலக் குழு நியமிக்கலாம், 2020 விதிகளில் அது இருக்கிறது. பெண்ணுக்கும் குழந்தைக்கும் வருமானம் பார்க்காமல் வக்கீல் இலவசம், 15100-க்குக் கூப்பிட்டால் சட்டப்பணி ஆணைக்குழுவில் வழி சொல்வார்கள். 1098 குழந்தைகளுக்கான எண் என்று நமக்குத் தெரியும், பிள்ளை பெற்றவளாக இருந்தாலும் பதினெட்டுக்குக் கீழே என்றால் அவளுக்கும் அதே எண்தான்.

பணம், பொருள் விஷயத்தில் ஒரு குழப்பம் இருக்கிறது, அதையும் சொல்கிறேன். டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி மகப்பேறு உதவித் திட்டத்தில் 18,000 ரூபாய் மதிப்புக்குப் பணமும், நெய், பேரீச்சம்பழம் எல்லாம் வைத்த ஊட்டச்சத்துப் பெட்டகமும் கிடைக்கும், ஆனால் 19 வயது நிறைந்திருக்க வேண்டும். சின்ன வயதுக் கல்யாணத்துக்குக் கூலி கொடுத்த மாதிரி ஆகிவிடக் கூடாது என்ற எண்ணம் புரிகிறது, ஆனால் கையில் பிள்ளையோடு நிற்பவளுக்கு அது தண்டனையாகத்தான் போய் விழுகிறது. மகளிர் சுய உதவிக் குழுவில் சேரவும் 18 ஆக வேண்டும். இதைக் கேட்டுவிட்டு நமக்கு ஒன்றுமே கிடையாது என்று பலர் எதற்குமே போவதில்லை, அது தப்பு. அங்கன்வாடியில் கர்ப்பிணிக்கும் பாலூட்டும் தாய்க்கும் கொடுக்கும் சத்துமாவுக்கு வயது வரம்பு இல்லை. அரசு ஆஸ்பத்திரியில் பிரசவம், ஆபரேஷன், மருந்து, சாப்பாடு, வண்டி எல்லாருக்கும் இலவசம். கிராமத்து ஏழைத் தாய்க்கு ஜனனி சுரக்ஷா யோஜனாவில் தரும் 700 ரூபாய்க்கு இருந்த வயது நிபந்தனையை 2013-லேயே எடுத்துவிட்டார்கள்.

சரி, சேக்காளி எங்கே கிடைப்பாள்?

எங்கள் பக்கம் நான் பார்த்தவரை அது பெரும்பாலும் புதன்கிழமைதான். தமிழ்நாட்டில் கிராமத்தில் தடுப்பூசி போடும் நாள் புதன். ஒன்றரை மாத ஊசி, இரண்டரை மாத ஊசி, மூன்றரை மாத ஊசி, அப்புறம் ஒன்பது மாதம் முடிந்து ஒன்று. ஒரே சமயத்தில் பெற்றவர்கள் ஒரே வரிசையில் வந்து நிற்பார்கள், ஊசி போட்ட பிறகு கொஞ்ச நேரம் அங்கேயே உட்கார வைப்பார்கள். பிள்ளைகள் எல்லாம் சேர்ந்து அழும், அந்தச் சத்தத்தில் பெரியவர்கள் காதுக்கு எட்டாமல் என்ன வேண்டுமானாலும் பேசலாம். மாமியாரும் தடுக்கமாட்டார், ஊசிக்குத்தானே போகிறாள். என் சேக்காளி முதல் மூன்று புதனும் ஒரு மூலையில் திரும்பி உட்கார்ந்திருந்துவிட்டு வந்தாளாம். நான்காவதில் இன்னொரு பிள்ளை, அதற்கும் பதினெட்டு ஆகியிருக்காது, பால் கட்டிக்கொண்டு வலி தாங்காமல் அழுதுகொண்டிருந்திருக்கிறாள். சுடுதண்ணித் துணி வைத்துப் பிழிந்துவிடச் சொல்லி இவள்தான் காட்டிக்கொடுத்தாள். அங்கே ஆரம்பித்தது. பள்ளிக்கூடச் சேக்காளிகளைப் போல ரசனை பார்த்துச் சேர்வதற்கு அங்கே நேரம் இல்லை, ஒரே வலி இருந்தால் போதும்.

கடல்பாசி எடுக்கப் போகிற பெண்களிடமும் இது நடக்கிறது. பாம்பன் சின்னப்பாலம் பக்கம் பெண்கள் கூட்டமாகத்தான் கடலுக்குப் போவார்கள், விரலில் துணி சுற்றிக்கொண்டு, முங்கிப் பாறையில் கை வைத்துப் பறிக்கிற வேலை, தனியாகப் போனால் ஆபத்து. கூட இருப்பவள் முங்கி எழுந்துவிட்டாளா என்று பார்த்துப் பார்த்துப் பழகியவர்கள். வனத்துறையோடு பிரச்சினை வந்தபோது மாதத்தில் இத்தனை நாள்தான் போவது என்று தங்களுக்குள் கட்டுப்பாடு வைத்துக்கொண்டதும் அவர்கள்தான், அவர்களில் ஒருவரான லட்சுமிக்கு 2015-ல் சீகாலஜி என்ற சர்வதேச விருது கிடைத்தது. அங்கே பிள்ளையோடு வருகிற சின்னப்பெண்ணை வயசு கேட்டு ஒதுக்குவதில்லை, கரையில் வேப்பமரத்தில் தொட்டில் கட்டிவிட்டு ஆளுக்கு ஒரு நேரம் ஆட்டிவிடுகிறார்கள். அதற்காகப் பதினேழு வயதுப் பிள்ளை கடலில் முங்குவதுதான் வழி என்று சொல்லவரவில்லை. துணைக்கு ஆள் இல்லாமல் செய்ய முடியாத வேலை இருக்கிற இடத்தில் துணை தானாக வருகிறது என்பதைத்தான் பார்த்தேன்.

மனசு விஷயத்தில்தான் சேக்காளி இல்லாதது நேரடியாக உயிரைத் தொடுகிறது. பெற்ற முதல் பத்துப் பதினைந்து நாள் காரணமில்லாமல் அழுகை வருவது நிறையப் பேருக்கு உண்டு, அது தானாகப் போய்விடும். இரண்டு வாரம் தாண்டியும் தூக்கம் இல்லை, பிள்ளையைத் தூக்கப் பிடிக்கவில்லை, செத்துவிடலாம் போல் இருக்கிறது என்றால் அது நோய், அதற்கு மருந்து இருக்கிறது. எங்கள் ஜில்லாவில் இதற்குக் காற்றுச் சேட்டை என்று பேர் வைத்து நூல் கட்டுவார்கள், மிஞ்சினால் ஏர்வாடி தர்காவுக்குக் கூட்டிப்போவார்கள். 2001 ஆகஸ்ட் 6-ம் தேதி அதே ஏர்வாடியில் தீப்பிடித்து, சங்கிலியில் கட்டிப்போட்டிருந்த மனநோயாளிகள் 28 பேர் இறந்துபோனதை ஊரில் யாரும் மறக்கவில்லை. தர்காவுக்குப் போக வேண்டாம் என்று சொன்னால் வீட்டில் யாரும் கேட்கமாட்டார்கள். போங்கள், கூடவே டாக்டரையும் பாருங்கள் என்றால் கேட்பார்கள். ராமநாதபுரம் அரசு ஆஸ்பத்திரி 2022-லிருந்து மருத்துவக் கல்லூரி, மனநல மருத்துவரைத் தேடி மதுரைக்குப் போகத் தேவையில்லை. பஸ் ஏறவே முடியாதவளுக்கு 14416 என்ற அரசு மனநல உதவி எண் இருக்கிறது, தமிழில் பேசலாம், காசு கிடையாது. ஆனால் "எனக்கு இப்படி இருக்குடி" என்று அவள் முதலில் யாரிடம் சொல்வாள்? மாமியாரிடம் சொல்லமாட்டாள், தன் அம்மாவிடம்கூடச் சொல்லமாட்டாள், கட்டிக்கொடுத்துவிட்டு அந்த அம்மாவே பயந்துபோய் இருப்பாள். போன் நம்பரை ஓர் ஆளிடமிருந்து வாங்கித்தான் கூப்பிட முடியும். அந்த ஆளாக இருப்பதுதான் சேக்காளியின் வேலை.

இரண்டாவது பிள்ளை விஷயமும் அப்படி. உடம்பு தேறக் குறைந்தது இரண்டு வருடமாவது இடைவெளி வேண்டும். காப்பர் டி இருக்கிறது, அரசு ஆஸ்பத்திரியிலேயே மூன்று மாதத்துக்கு ஒருமுறை போடும் அந்தரா கருத்தடை ஊசி இருக்கிறது. இதை அத்தைமாரிடம் கேட்க முடியுமா. மூன்று மாதம் முன்னால் போட்டுக்கொண்டவள் "மாசாமாசம் ஒழுங்கா வராது, பயந்துக்காத" என்று சொன்னால் அந்த ஒரு வார்த்தை போதும்.

நான் போன அன்றைக்கு நடந்ததைச் சொல்கிறேன். மாமியார் விசாரித்து முடித்து உள்ளே விட்டார். அவள் பிள்ளையைக் காலில் போட்டு ஆட்டிக்கொண்டிருந்தாள். நான் ஒரு சட்டை வாங்கிப்போயிருந்தேன், பிள்ளைக்கு. அவளுக்கு என்று ஒன்றும் வாங்கவில்லை என்பது அங்கே போய் உட்கார்ந்த பிறகுதான் உறைத்தது. ஐந்து நிமிஷம் இரண்டு பேரும் பிள்ளையையே பார்த்துக்கொண்டிருந்தோம். அப்புறம் அவள்தான் கேட்டாள், "கெமிஸ்ட்ரிக்கு யாருடி வந்தா?" என்று. பாதியில் மாற்றலாகிப் போன டீச்சர், லேபில் உடைந்த பியூரெட், யார் எவ்வளவு மார்க் என்று இரண்டு மணி நேரம் பேசினோம். பிள்ளையைப் பற்றி யாரும் ஒரு வார்த்தை பேசாத இரண்டு மணி நேரம் அவளுக்குப் பெற்ற பிறகு அதுதான் முதல்முறை என்று பின்னாளில் சொன்னாள்.

அதனால், இப்படி ஒரு சேக்காளியை விட்டுவிட்டவர்கள் யாராவது இதைப் படித்தால், போகும்போது சாமான் ஒன்றும் வேண்டாம். பழைய கதையோடு போங்கள். மாமியாரிடம் முதலில் பேசுங்கள், வாசலில் செருப்பைக் கழற்றி வைத்துவிட்டு நீங்கள் யார் பிள்ளை என்று சொல்லுங்கள், எங்கள் ஊரில் அது பாதிக் கதவைத் திறந்துவிடும். ஒருமுறை போய்விட்டு விட்டுவிடாதீர்கள், அது போகாமல் இருப்பதைவிட மோசம். பிள்ளையை ஒரு மணி நேரம் வாங்கி வைத்துக்கொண்டு அவளைத் தூங்கச் சொல்லுங்கள். ஆஸ்பத்திரிக்குத் துணைக்குப் போங்கள், அங்கே கவுன்ட்டரில் வயசைச் சொல்லும்போது பக்கத்தில் நிற்க ஓர் ஆள் இருந்தால் அவள் குரல் உடையாது.

படிப்பு முடிந்துவிட்டது என்று நினைப்பவளுக்கு, முடியவில்லை. தனித்தேர்வராக எழுதலாம், இல்லையென்றால் தேசியத் திறந்தநிலைப் பள்ளியில் பதிந்து வருடத்துக்கு இரண்டு தடவை நடக்கும் பரீட்சையில் பாடம் பாடமாக எழுதித் தேறலாம். என் சேக்காளி மகனை ஒன்றாம் வகுப்பில் சேர்த்த வருடம் பன்னிரண்டாம் வகுப்புப் பரீட்சைக்குப் பணம் கட்டினாள். என் பழைய கெமிஸ்ட்ரி நோட்டை எடுத்துக்கொடுத்தேன், கரையான் அரித்தது போக மிச்சம். முதல் தடவை இரண்டு பாடம் போச்சு, அடுத்த தடவை தேறிவிட்டாள்.

இப்போது அவள் தெரு அங்கன்வாடியில் புதன்கிழமை ஆனால் அவளும் போய் உட்கார்ந்துகொள்கிறாள். அவள் பிள்ளைகள் ஊசி வயதையெல்லாம் தாண்டிவிட்டார்கள். போன மாதம் நானும் கூடப் போயிருந்தேன். மூலையில் சுவரைப் பார்த்துத் திரும்பி ஒரு பிள்ளை, முந்தானையில் குழந்தையை மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தது. இவள் எழுந்துபோய்ப் பக்கத்தில் உட்கார்ந்து, குழந்தையைப் பார்க்காமல் அந்தப் பிள்ளையின் முகத்தைப் பார்த்து, "நீ எந்தப் பள்ளிக்கூடம்?" என்று கேட்டாள்.